நான் மொழிபெயர்த்த வாக்குமூலம்

ரங்கூனில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், ராணுவக் கட்டட ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன் என்று சொல்வேன். அங்கே ஒரே ஒரு நாள் துபாஷியாகவும், அதாவது மொழிபெயர்ப்பாளனாகவும், இருந்தேன். அதை யாரிடமும் சொல்வதில்லை. என் மனைவிக்குக்கூட அது கல்யாணமாகிப் பல வருஷங்கள் கழித்துத்தான் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மெட்ரிகுலேஷன் தேறியிருந்தேன். ரங்கூனில் பபேடான் பேட்டையில் ஒரு மூன்று மாடி வீட்டின் உச்சி அறையில் வேறு நான்கு பேரோடு குடியிருந்தேன். எங்கள் ஆபீசுக்கு அதிகாரி ஒரு காப்டன். முப்பது வயது இருக்கும். இங்கே வருவதற்கு முன்னால் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களோடு ஆறேழு வருஷம் பாலம் கட்டிக்கொண்டிருந்தவர். அதனால் தமிழ் நன்றாகவே புரியும். பேசினால்தான் உடைந்து உடைந்து வரும். நான் மேசையில் ஏதாவது தவறு செய்துவிட்டால் "என்னாப்பா, தூக்கமா?" என்று தமிழில் கேட்பார். அப்படி ஒரு வெள்ளைக்காரர் கேட்பதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஒரு முறை எனக்கு மலேரியா கண்டு பத்து நாள் படுத்துவிட்டேன். ஆறாவது நாள், அந்தக் குறுகலான மரப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. காப்டன் தலையைக் குனிந்துகொண்டு அறைக்குள் வந்தார். கையில் கொயினா மாத்திரை. உட்கார நாற்காலி இல்லை. என் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, நான் மாத்திரையை விழுங்கும் வரை பார்த்திருந்துவிட்டுப் போனார். தெருவே வேடிக்கை பார்த்தது. அடுத்து நடந்ததற்கு இது சமாதானம் ஆகாது. ஆனால் இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

அந்த வருஷம் மழை ஓய்கிற சமயத்தில், ஆற்றுக்கு அக்கரையில் சிரியத்துப் பக்கம் ஒரு பழைய ராணுவக் கிடங்கை இடித்துக்கொண்டிருந்தார்கள். இன்று தன்லியின் என்கிறார்களே, அந்த ஊர்தான். இந்தப் பக்கத்திலிருந்து கூலியாட்கள் காலையில் போய் மாலையில் திரும்புவார்கள். முக்கால்வாசிப் பேர் தமிழர்கள், பெண்களும் உண்டு. ஒரு நீராவி லாஞ்சு முன்னால் போகும். அதன் பின்னால் கயிறு கட்டி ஒரு தட்டைப் படகை இழுத்து வருவார்கள். கூலியாட்கள் அந்தப் படகில் உட்காருவார்கள். லாஞ்சை ஓட்டும் சாரங்கு சிட்டகாங்கைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர். இருபத்தைந்து வருஷமாக அந்த ஆற்றில் ஓட்டுகிறவர்.

அன்று சாயங்காலம் மேலதிகாரியின் பங்களாவில் தேநீர் விருந்து. காப்டன் போயாக வேண்டும். நான்கு மணிக்கே வேலையை நிறுத்தி எல்லாரையும் ஏறச் சொல்லிவிட்டார். வழக்கமாக இரண்டு நடையாக ஏற்றிப்போகிற ஆட்கள் ஒரே நடையில் ஏறினார்கள். அது நீர் வற்றுகிற நேரம். கடலை நோக்கித் தண்ணீர் இழுக்கும் வேகம் அந்த ஆற்றைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நடு ஆற்றில் லாஞ்சு திரும்பும்போது பாரம் ஏறிய படகை நீர் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போனது. நங்கூரம் போட்டு நின்ற ஒரு கப்பலின் சங்கிலியில் போய் மோதிக் கவிழ்ந்தது. ஒன்பது பேர் செத்துப்போனார்கள். இரண்டு பேருடைய உடல் கிடைக்கவேயில்லை.

லாஞ்சில் இருந்த காப்டன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் குதித்தார். இரண்டு பேரைக் கரையேற்றினார். அதில் ஒருத்தி முப்பது வயதுப் பெண். அவளைப் பிடித்துத் தூக்கியபோது அவள் புருஷன் இரண்டு முழம் தள்ளி முங்கிக்கொண்டிருந்தானாம். ஒரு கையால் ஒருத்தரைத்தான் பிடிக்க முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து விசாரணை நடந்தது. கண்டோன்மெண்டில் ஒரு நீளமான அறை. மேசைக்குப் பின்னால் ஒரு மேஜரும் இன்னும் இரண்டு அதிகாரிகளும். மேஜர் இங்கிலாந்திலிருந்து வந்து சில மாதங்களே ஆனவர். ஒரு இந்திய பாஷையும் தெரியாது. தன் பேரில் பழி வரக்கூடும் என்பதால் காப்டனுக்கும் அங்கே உட்கார உரிமை உண்டு. சுவரோரமாக ஒரு நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமான தமிழ்த் துபாஷி காய்ச்சலில் கிடந்தார். காலையில்தான் எனக்கு ஆள் வந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று கடவுள் பேரில் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தேன்.

எனக்கு முன்னால் சாரங்கை விசாரித்தார்கள். அவர் ஹிந்துஸ்தானியில் பேசினார். அதை மொழிபெயர்க்க வேறொரு முன்ஷி இருந்தார். பாரம் அதிகம், தண்ணீர் இறங்குகிறது, பாதிப் பேரை இறக்கிவிட்டு இன்னொரு நடை வருகிறேன் என்று தான் சொன்னதாகவும், காப்டன் சாகிப் கேட்கவில்லை என்றும் சாரங்கு சொன்னார். காப்டன் எழுந்து, கிளம்பச் சொல்லி நான் உத்தரவு எதுவும் போடவில்லை, எல்லாரும் ஏறியாயிற்றா என்று கேட்கக் கையைத் தூக்கினேன், கிளம்புவதும் கிளம்பாததும் சாரங்கின் பொறுப்பு என்றார். சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. படகில் இருந்த மற்றவர்கள் காற்றிலும் இயந்திரச் சத்தத்திலும் எதுவும் காதில் விழவில்லை என்று சொல்லியிருந்தார்கள். ஆக, ஒருவர் பேச்சுக்கு எதிராக இன்னொருவர் பேச்சு. மிச்சம் இருந்த சாட்சி, காப்டன் கரையேற்றிய அந்தப் பெண்தான். கடைசியாக ஏறியவள். காப்டனும் சாரங்கும் பேசும்போது அது காதில் விழுகிற தூரத்தில் நின்றவள்.

வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே நுழைந்ததும் காப்டனைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தமிழன் என்று தெரிந்ததும் அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்ததைக் கண்டேன்.

"பயப்படாம நடந்ததச் சொல்லும்மா" என்றேன்.

"எனக்கென்னங்க பயம்? சாரங்கு வேணாம்னாரு. தண்ணி எறங்குது, பாதிப் பேர எறக்கிடுங்க சாப்னு ரெண்டு தரம் சொன்னாரு. தொரை கைய வீசி, 'சலோ, சலோ'ன்னாரு. சாரங்கு ஒண்ணும் பேசாம போயி சக்கரத்தப் புடிச்சிட்டாரு."

"அவங்க பேசினது ஹிந்துஸ்தானியில. உனக்குப் புரிஞ்சுதா?"

"பேசத்தான் வராது. பத்து வருசமா அந்தப் பேச்சுக்குத்தானே செங்கல் சொமக்கிறேன்? புரியாம என்ன?" அவள் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு சுவரோரம் பார்த்து, குரலை இறக்காமல் சொன்னாள்: "அதே தொரைதான் என்னத் தூக்கி விட்டாரு. அவரு இல்லேன்னா நான் இல்ல. ரெண்டும் நடந்துச்சு. ரெண்டையும் சொல்லுங்க ஐயா."

மேஜர் பேனாவைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

யாரும் என்னை இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று கேட்கவில்லை. முந்தின நாள் யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை. பதவி தருகிறேன் என்றோ வேலையை விட்டுத் தூக்குவேன் என்றோ ஒருவரும் சொல்லவில்லை. அப்படி யாராவது மிரட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் அவர் தலையில் பாதிப் பழியைப் போட்டிருப்பேன். நான் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: காப்டன் கையை உயர்த்துவதை அவள் பார்த்தாள். அதற்குப் பிறகு லாஞ்சு கிளம்பியது. படகு கவிழ்ந்ததும் காப்டன் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் குதித்து அவளைக் காப்பாற்றினார். அதற்காக அவள் நன்றியோடு இருக்கிறாள்.

மேஜர் எழுதினார். பிறகு கேட்டார்: "கிளம்பச் சொல்லி உத்தரவு எதையும் அவள் கேட்டாளா?"

அது எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. அந்தக் கேள்வியை நான் அவளிடம் தமிழில் கேட்கவேயில்லை. "அவளுக்கு நிச்சயமில்லை, சார்" என்று நானே பதில் சொன்னேன்.

சொல்லிவிட்டுக் காப்டனைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அவள் சொன்னதையும் கேட்டார், நான் சொன்னதையும் கேட்டார். தெரிந்தேதான் செய்தேன், அவருக்கு ஒரு பரிசு கொடுப்பதைப் போல. அவர் மடியில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

எழுதியதைச் சாட்சிக்குப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும் என்பது விதி. காகிதத்தை என்னிடம் கொடுத்தார்கள். அதில் இருந்ததை நான் படிக்கவில்லை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் சொன்னதை அப்படியே அவளிடம் திருப்பிச் சொன்னேன். சாரங்கு இரண்டு தரம் வேண்டாம் என்றது, துரை 'சலோ' என்றது, எல்லாம். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். "சரியா இருக்குதுங்க" என்று சொல்லிக் கட்டை விரலை மையில் ஒற்றி வைத்தாள்.

வெளியே வராந்தாவில் எனக்காகக் காத்திருந்தாள்.

"ஒண்ணும் விடாம சொல்லிட்டீங்கள்ல, ஐயா?"

"சொல்லிட்டேம்மா."

"நல்லாருப்பீங்க" என்றாள். இங்கிலீஷ் தெரிந்த நம்ம ஆள் ஒருத்தர் துரைமார் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னார் என்று கூலியாட்கள் குடியிருந்த கூலி லைன் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலில் முன்பின் தெரியாத ஆட்கள் விலகி எனக்கு வழிவிட்டார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு மாட்டுக்குப் போட்டுவிட்டேன். அப்புறம் அந்தக் கோவிலுக்குப் போவதை நிறுத்தினேன்.

ஒரு மாதத்தில் தீர்ப்பு வந்தது. நீரோட்டத்தைச் சரியாகக் கணிக்காததும் அதிகப் பாரம் ஏற்றியதும் சாரங்கின் குற்றம். அவருடைய லைசென்ஸை ரத்து செய்யும்படி சிபாரிசு. காப்டனின் வீரத்தைப் பாராட்டி இரண்டு வரி. அதை டைப் அடித்துப் பிரதி எடுத்தவன் நான்.

மறுநாள் காப்டன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். எனக்கு ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அதைத்தான் எதிர்பார்த்தேன், மறைப்பதற்கில்லை.

"அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்களுக்காக, சார்."

"நான் கேட்டேனா?"

"இல்லை, சார்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவள் சொன்னதும் எழுந்து ஆமாம் என்று சொல்லிவிடத்தான் உட்கார்ந்திருந்தேன். நீ முந்திக்கொண்டாய்" என்றார். பிறகு தமிழில், "போப்பா" என்றார்.

அவர் எழுந்து சொல்லத்தான் இருந்தார் என்பதை நான் பல வருஷம் நம்பினேன். ஒரு நல்ல மனிதன் உண்மை சொல்ல இருந்ததை நான் கெடுத்துவிட்டேன் என்று எண்ணி வெந்தேன். இப்போது அப்படி எண்ணுவதில்லை. தான் உத்தரவு போடவில்லை என்று அவர் அதற்கு முன்பே சொல்லியாகிவிட்டது. எழுந்திருக்க நினைத்திருந்தால் அந்தக் காலை முழுவதும் நேரம் இருந்தது. நான் பேசிய பிறகும் இருந்தது. எனக்கு ஒரு மறைவு வேண்டியிருந்ததைப் போல அவருக்கும் வேண்டியிருந்தது, அதற்கு நான் கிடைத்தேன். இரண்டு மாதத்தில் வடமேற்கு எல்லைப்புறத்துக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது ஆபீசில் எல்லாருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

தீர்ப்பைக் கூலி லைனில் சொல்ல வேண்டிய வேலையும் எனக்கே வந்தது. அந்தப் பெண் முன்வரிசையில் நின்று கேட்டாள். முடிந்ததும், "அப்ப நான் சொன்னத அவங்க நம்பலியா?" என்றாள்.

"நம்பலம்மா" என்றேன்.

"பொய் சொல்றவன்னு எழுதிட்டாங்களா?"

நான் தீர்ப்புக் காகிதத்தை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் கேட்ட கேள்வி என்னோடேயே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தாலும் டைப் அடிக்க உட்கார்ந்தாலும் அதே குரல். அவள் சொன்னதை அழித்தது ஒரு பக்கம். தன்னைப் பொய்க்காரி என்று எழுதிவிட்டார்கள் என அவள் நினைக்கும்படி விட்டது அதைவிடக் கேவலம்.

அவள் கட்டட வேலையை விட்டுவிட்டாள். பபேடானில் ஒரு மசூதிக்கு எதிர்ச்சாரியில் கூடை வைத்து வேகவைத்த பட்டாணி விற்றாள். நான் தினமும் அந்தத் தெருவைத் தவிர்த்து, சுற்றுவழியாக ஆபீசுக்குப் போனேன். ஏழெட்டு மாதம் அப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம் பார்த்து அவள் முன்னால் போய் நின்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கைநாட்டு வாங்கிய விதத்தையும் சொன்னேன்.

அவள் ஒரு பர்மியப் பெண்ணுக்கு இலையில் பட்டாணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்து முடித்தாள். கையைத் துடைத்தாள்.

"நான் சொன்னத எனக்கே படிச்சுக் காட்டிட்டு, அங்க வேற எழுதி வச்சிருந்தீங்களா?"

"ஆமாம்மா."

"இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க?"

"மனசு கேக்கலம்மா."

"உங்க மனசுக்கா வந்தீங்க?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எங்கிட்ட சொல்லி என்னாகப் போவுது? எம் புருசன் எந்திரிச்சா வரப்போறாரு? வேலை போனது சாரங்குக்கு. அவருகிட்ட சொன்னீங்களா? எழுதி வச்ச தொரைகிட்ட சொன்னீங்களா?"

சாரங்கின் நினைவே எனக்கு அதுவரை வரவில்லை. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது. ஏழெட்டு மாதமும் அந்தப் பெண்ணின் பார்வையைப் பற்றியும் என் தூக்கத்தைப் பற்றியும்தான் எண்ணினேன். அந்த மனிதர் எங்கே இருக்கிறார், எதைச் சாப்பிடுகிறார் என்று ஒரு முறைகூட நினைக்கவில்லை.

அந்த வாரமே ஒரு மனு எழுதினேன். அவள் சொன்னது இன்னது, நான் மொழிபெயர்த்தது இன்னது என்று இரண்டையும் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, விசாரணை நடத்திய மேஜரின் ஆபீசுக்கு நானே எடுத்துப் போனேன். அவர் இரண்டு தரம் படித்தார். கோபப்படவில்லை. நாற்காலியைக்கூடக் காட்டினார்.

"சத்தியம் செய்துவிட்டுப் பொய்யாக மொழிபெயர்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். இதை நான் வாங்கிக்கொண்டால் உன் மேல் வழக்குப் போட வேண்டும். சிறை. உனக்குப் புரிகிறதா?"

"புரிகிறது, சார்."

"காப்டன் இங்கே இல்லை. விசாரணையைத் திறக்கும்படி நான் மேலே எழுத வேண்டியிருக்கும். ஒரு அதிகாரியின் பேரை ஒரு குமாஸ்தாவின் பேச்சுக்காக யாரும் திரும்பத் தோண்டமாட்டார்கள். சிறைக்குப் போகிறவன் நீ ஒருவன்தான்." காகிதத்தை மேசை மேல் என் பக்கமாக நகர்த்தினார். "இதை நான் இன்னும் பார்க்கவில்லை. இங்கேயே விட்டுப்போகிறாயா, எடுத்துப்போகிறாயா?"

அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. வெளியே யாரோ குதிரையை நடத்திக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேயும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு காகிதத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "தேங்க் யூ, சார்" என்றும் சொன்னேன்.

அதற்குப் பிறகும் அதே ஆபீசில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன்.

சாரங்கைப் பார்த்தது மறு வருஷம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டல்லாவுக்குப் போகும் பயணிகள் லாஞ்சில் ஏறினேன். கயிறு சுற்றுகிற ஆட்களில் அவர் ஒருவராக இருந்தார். தாடி முழுக்க வெளுத்துப்போயிருந்தது. சக்கரத்தைப் பிடித்திருந்தவன் அவர் மகன் வயதுக்காரன். என்னை அடையாளம் தெரிந்து, "சலாம், பாபு" என்றார். சுகமா என்று கேட்டார். பிறகு அவரே ஹிந்துஸ்தானியில் சொன்னார்: "அந்த அம்மா பக்கத்திலேதான் நின்றார்கள். சொல்வார்கள் என்று நினைத்தேன். பாவம், பயந்துவிட்டார்கள் போல."

"அவர்கள் பயப்படவில்லை. சொன்னார்கள். நான்தான் மாற்றிவிட்டேன்" என்றேன்.

கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "ஏன்?" என்று கேட்டார். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் கொயினா மாத்திரையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்துக்கு எதிரே அதைச் சொல்ல வரவில்லை. மேஜரிடம் மனு கொண்டு போனதையும் திரும்ப எடுத்து வந்ததையும் மட்டும் சொன்னேன்.

"அந்தக் காகிதம் இருக்கிறதா?"

"கிழித்துவிட்டேன்."

அவர் ஆற்றைப் பார்த்தார். "அந்த அம்மா எங்கே இருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். தெருவைச் சொன்னேன். டல்லா துறை வந்துவிட்டது. அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

பத்து நாள் கழித்து அந்தத் தெரு வழியே போக வேண்டி வந்தது. இந்த முறை சுற்றிப் போகவில்லை. அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"சாரங்கு வந்திருந்தாருங்க. இங்கதான், இந்தப் பலகையில ஒக்காந்திருந்தாரு. நான் அன்னிக்கி என்ன சொன்னேனோ அத அவருகிட்ட சொல்லிட்டேன். எனக்கு வந்த அரைகொறைப் பேச்சுலயே சொன்னேன். அவருக்குப் புரிஞ்சிச்சு."

"என்ன சொன்னாரு?"

"அழுதாரு. அப்புறம் பட்டாணி வாங்கிட்டுப் போனாரு."

நானும் இலையில் பட்டாணி கேட்டேன். அவள் மடித்துக் கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். வேறு ஆள் வரவும், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா" என்றாள். தள்ளி நின்றேன்.